ஒரு பெயரையும் அடிக்காதே

திக்வானே, பெய்ரூட்
14 ஏப்ரல் 1998

ஷகீப்,

நம் ஊர் வேன்காரன் ஃபந்தி தன் வேனை என் வாசலில் நிறுத்தி, தெருவே எட்டிப் பார்க்கும்வரை ஹாரன் அடித்துவிட்டுத்தான் உன் கடிதத்தைக் கொடுத்தான். ஈஸ்டர் வாழ்த்து என்று பிரித்தேன். உள்ளே ஓர் ஊராட்சி மன்றமே உட்கார்ந்திருந்தது.

முப்பத்தைந்து வருஷம் கழித்து அரசாங்கத்துக்கு உள்ளாட்சித் தேர்தல் ஞாபகம் வந்திருக்கிறது. நம் அய்ன் தூத்தில் உங்கள் துரூஸ் மதத்தார் ஆறு பேர், எங்கள் கிறிஸ்தவர்கள் ஆறு பேர், ஒரே பட்டியல் என்கிறாய். எங்கள் ஆறு பேருக்கு நான் தலையாம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தபோது என் பென்சிலைக் கூடத் திருப்பித் தராதவன் நீ. இப்போது பதவி தருகிறாய்.

இருந்தாலும் சரி என்கிறேன். ஏன் என்று தெரிந்துகொள். எண்பத்து மூன்றில் நம் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டபோது நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்து பதினைந்து வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இலியாஸ் இந்த மூன்றாம் மாடியில், ஊர்த் தண்ணீர் வேண்டும் என்று கேட்டபடியே செத்தார். இடம்பெயர்ந்தோர் அமைச்சகம் ஊரில் எங்கள் சர்ச்சுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. அதற்குள் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டட ஒப்பந்தக்காரர் தானியோஸ் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி நிலத்தை விலை பேசுகிறார். எங்கள் ஆட்களில் ஐந்து குடும்பம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டது. தேர்தல் வரை பொறுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். விற்றுவிட்டால் அய்ன் தூத்தில் எங்களுக்குக் கல்லறை மட்டும்தான் மிச்சம்.

எங்களை யாரும் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டாம். ஓட்டுப் போட்டுக் கூப்பிடுங்கள். ஆகவே எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவரவர் அச்சடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போடுகிற சீட்டில் பன்னிரண்டு பெயர் இருந்தால் பன்னிரண்டுக்கும் ஓட்டு விழ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு பெயரையும் கோடு போட்டு அடிக்கக் கூடாது.

பதிலைக் கடிதமாகவே அனுப்பு. போனில் பேசினால் நமக்குச் சண்டை வருகிறது, எக்ஸ்சேஞ்சுக்காரனுக்குப் பொழுது போகிறது.

நுஹாத்

பி.கு: என் வீட்டு நீலக் கதவு உன் பெரியப்பா அபூ ஃபாயிஸின் ஆட்டுப்பட்டியில் தொங்குகிறதாம். ஆடுகள் சௌக்கியமா?

---

அய்ன் தூத்
19 ஏப்ரல் 1998

நுஹாத்,

ஆடுகள் சௌக்கியம். கதவைப் பற்றி இப்போது வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். பெரியப்பா கையில் எங்கள் அபூ ஹம்தான் குடும்பத்தின் மொத்த ஓட்டும் இருக்கிறது.

மருந்துக் கடையை மாலையில் சீக்கிரம் சாத்திவிட்டு வீடு வீடாகப் போகிறேன். போகிற இடமெல்லாம் மத்தேக் கஷாயம். ஊரே உறிஞ்சிய குழலில் நானும் உறிஞ்சி, எலுமிச்சைத் தோலால் துடைத்து, அடுத்தவருக்குத் தள்ளி, வயிறு ஊதிப்போய்த் திரும்புகிறேன். வாக்குறுதி கிடைக்கிறதோ இல்லையோ, தூக்கம் போய்விட்டது.

நீ பள்ளிக்கூட ஆசிரியை, கணக்கை நீயே போட்டுப் பார். எங்கள் ஓட்டு ஆயிரத்துச் சொச்சம். உங்களுடையது அதில் பாதி, அதுவும் பெய்ரூட்டிலிருந்து பஸ் ஏறி வர வேண்டியது. ஆறுக்கு ஆறு என்பது நம் ஊர் வழக்கமே தவிர, ஊராட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதிக ஓட்டு வாங்கிய பன்னிரண்டு பேர் உள்ளே, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் பேனாவை எடுத்து உங்கள் பெயர்கள்மேல் கோடு போட்டு, பக்கத்தில் வேறு பெயர் எழுதிவிட்டால், உங்களில் ஒருவர்கூடத் தேற மாட்டீர்கள்.

அடிப்பவர்களுக்கு ஒரே பயம், வெளியே தெரிந்துவிடும் என்பது. ஆணுக்குத் தனிப் பெட்டி, பெண்ணுக்குத் தனிப் பெட்டி, மதத்துக்குத் தனி, பெரிய குடும்பமென்றால் அதற்கும் தனி. எண்ணி முடிக்கும்போது எந்த வீட்டுக்காரர்கள் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று கழுதைக்குக்கூடத் தெரிந்துவிடும். ரகசிய வாக்கெடுப்பு என்று ரேடியோவில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இப்போது கசப்பு மாத்திரை. எங்கள் துரூஸ் தலைவரின் மாளிகைக்காரர்களும் பெய்ரூட்டில் உங்கள் கட்சிக்காரர்களும் பாராளுமன்றத்துக்காகக் கைகோத்திருக்கிறார்கள் அல்லவா? மேலே கூட்டணி என்றால் கீழேயும் அதே கூட்டணியாம். மாளிகையிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். இருமல் மருந்து கேட்டார், வாங்கவில்லை. "ஆறுக்கு ஆறு ரொம்ப நல்ல யோசனை, டாக்டர். அந்த டீச்சரம்மா மட்டும் வேண்டாம். அவங்க இடத்துல தானியோஸைப் போட்டுக்குங்க. ரெண்டு கட்சியும் பேசி முடிச்சாச்சு" என்றார்.

நுஹாத், கோபப்படாமல் கேள். இந்த ஒருமுறை தானியோஸ் நிற்கட்டுமே. ஆறு வருஷம்தானே. பட்டியல் உடைந்தால் எல்லாம் போகும். அடுத்த தேர்தலில் நீதான்.

ஷகீப்

---

திக்வானே
23 ஏப்ரல் 1998

மதிப்புக்குரிய அபூ ராமி அவர்களுக்கு,

தங்கள் மகன் ராமியும் தங்கள் இல்லத்தாரும் நலமென நம்புகிறேன். ஷகீப் என்று பெயர் சொல்ல இன்று மனமில்லை, அதனால் ராமியின் அப்பா என்று மரியாதையாக எழுதுகிறேன். தங்கள் கடிதம் வந்தது. தங்களுக்குத் தெரிந்த நாற்பது வருஷத்தில் நான் கோபப்படாமல் எதையாவது கேட்டதுண்டா என்று தாங்களே யோசித்துக்கொள்ளவும்.

எங்கள் நிலத்தை விழுங்கக் காத்திருப்பவரை எங்கள் பிரதிநிதியாக்கப் போகிறீர்கள். ஆட்டுக்குட்டிக்கு ஓநாய் காவல். ஆறு வருஷம்தானே என்கிறீர்கள். ஆறு வருஷத்தில் விற்பதற்கு ஒரு காணிகூட மிஞ்சாது. அப்போது என்னைத் தலைவியாக்கி எந்த ஊரை ஆளச் சொல்வீர்கள்?

இங்கே நடப்பதையும் கேளுங்கள். ஞாயிறு பூசை முடிந்து சர்ச் கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடினோம். இலியாஸின் தம்பி மில்ஹிம் எழுந்து நின்றார். "அவங்க அடிப்பாங்க, எழுதி வச்சுக்குங்க. எண்பத்து மூணுல என்ன பண்ணாங்கன்னு மறந்துட்டீங்களா? அவங்க அடிக்கறதுக்கு முன்னாடி நாம அடிச்சிடணும்" என்றார். கை தட்டினார்கள். தட்டாதவர்களும் தலையை ஆட்டினார்கள்.

நான் மேடைக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே சொன்னேன். "மில்ஹிம், நாம அடிச்சா அவங்களுக்கு ஆறு பேர் குறைய மாட்டாங்க. நமக்குத்தான் ஆறு பேரும் போவாங்க. பழி வாங்கறதா இருந்தாக்கூட கணக்கு தெரிஞ்சு வாங்கணும்." ஷகீப் பொறுப்பு, ஷகீப் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றும் சொன்னேன். அன்று மாலைதான் தங்கள் கடிதம் வந்தது. என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

நான் நிற்கிறேன். தங்கள் பட்டியலில் இடமிருந்தால் அதில், இல்லாவிட்டால் தனியாக. ஒரே ஒரு ஓட்டு விழுந்தாலும் சரி. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அய்ன் தூத்துக்கு வருகிறேன். பதினைந்து வருஷத்தில் சவ ஊர்வலம் இல்லாமல் நான் அங்கே வருவது அதுதான் முதல் முறை. நீ கடையைப் பூட்டிக்கொண்டு ஓடாமல் இரு.

நுஹாத் அஸ்ஸி

---

அய்ன் தூத்
5 மே 1998

நுஹாத்,

நான் ஓடவில்லை. ஓட நினைத்தேன், அது வேறு.

ஞாயிறன்று நீ உள்ளே வந்தபோது கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், மருந்து வாங்க அல்ல, உன்னைப் பார்க்க. நீ யாருக்கும் முகமன் சொல்லவில்லை. "ஷகீப், தலைவலி மாத்திரை ஒரு பட்டை குடு. நீயும் ஒண்ணு முழுங்கிக்கோ. நான் நிக்கறேன்" என்றாய். காசை எண்ணி வைத்துவிட்டு உன் கூரையில்லாத வீட்டைப் பார்க்கப் போய்விட்டாய். அந்த ஏழெட்டுப் பேர் வழியாக அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி போயிற்று. ராமியின் அம்மா இரவுச் சாப்பாட்டில் லப்னே தயிரை என் முன்னால் தள்ளிவிட்டு, "அவளுக்கு இருக்கற முதுகெலும்பு உங்களுக்கு இருந்தா நான் எப்பவோ மந்திரி பெண்டாட்டி" என்றாள்.

மறுநாள் மாளிகைக்குப் போனேன். முற்றத்தில் காத்திருப்பவர்களோடு ஒருவனாக உட்கார்ந்தேன். காபி வந்தது. முறை வந்தபோது, பட்டியலில் நுஹாத் அஸ்ஸிதான், தானியோஸ் இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "உங்க ஊர் விஷயம், நாங்க தலையிட மாட்டோம்" என்று சிரித்தார்கள். நுஹாத், அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். மழை வருவதற்கு முன் வரும் காற்று மாதிரி.

இரண்டு நாளாகப் பெரியப்பா என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. அவர் நாற்பது வருஷமாக மாளிகையின் ஆள். தன் மகன் ஃபாயிஸைப் பட்டியலில் சேர்க்காதது முதல் குற்றம், மாளிகையை எதிர்த்தது இரண்டாம் குற்றம். "டீச்சரம்மா பேரை அபூ ஹம்தான் பெட்டியில தேடித்தான் பாக்கணும்" என்று கடைவீதியில் பேசியிருக்கிறார். எங்கள் குடும்பம் உன்னை அடித்தால் மற்ற குடும்பங்களும் அடிக்கும். ஆட்டு மந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பட்டியல் நிற்கிறது. உன் பெயர் முதலில் நிற்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் நீ எனக்குச் சொல்ல வேண்டும். திக்வானேயில் சீட்டு அச்சாகியிருக்கிறது, அதில் உங்கள் ஆறு பெயர் மட்டும்தான், எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை என்று இங்கே ஒரு பேச்சு. ஃபந்திதான் கொண்டுவந்தான். நான் அவனை அறையப் போனேன். இல்லை என்று ஒரு வரி எழுது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஐந்தாறு வீடுகளையும் சரிக்கட்டிவிடுவேன்.

ஷகீப்

---

திக்வானே
15 மே 1998

ஷகீப்,

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் ஃபந்தி சொன்னது உண்மை.

மில்ஹிமின் கார் டிக்கியில் பார்த்தேன். மூன்று கட்டு. ஆறு பெயர், எல்லாம் எங்களுடையது, என் பெயர் முதலில், கொட்டை எழுத்தில். கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான், அண்ணி" என்றார். என் நல்லது இப்படிக் கட்டுக் கட்டாக அச்சாகிறது.

பொய் சொல்லிவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். ஒரு வரிதானே. நீயும் நம்புவாய், உன் ஐந்தாறு வீடும் நம்பும். ஆனால் எண்ணுகிற அன்று எங்கள் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டுகள் வெளியே வரும். அதற்கப்புறம் இன்னொரு முப்பத்தைந்து வருஷத்துக்கு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பப் போவதில்லை. அதனால் உண்மையைச் சொல்கிறேன்.

கட்டுகளைக் கொளுத்திவிடலாம். மில்ஹிம் இன்னும் மூன்று கட்டு அடிப்பார். காகிதம் மலிவு. மனுஷர்களிடம்தான் பேச வேண்டும். பேசிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்கப் பள்ளிக்கூடம், பிறகு படி ஏறி ஏறிக் கால் வீங்கிவிட்டது. சிலர் வாசலில் வைத்தே பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கிழவர், துரூஸின் பெயருக்கு ஓட்டுப் போட்டால் அவருடைய அண்ணன் கல்லறையில் புரண்டு படுப்பார் என்றார். "புரண்டு படுக்கட்டும், ஆனா அவர் கல்லறையைப் பார்த்துக்க ஊர்ல ஒரு ஆள் வேணுமில்ல?" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதுவே பெரிய விஷயம்.

தேர்தலன்று முதல் பஸ்ஸில் நான் வருவேன், உட்கார மாட்டேன். எத்தனை பேர் அந்தச் சீட்டைப் பெட்டியில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, உறுதி தரவும் முடியாது.

இப்போது பந்து உன் கையில். இந்தக் கடிதத்தை உன் ஆட்களிடம் காட்டினால் அவர்கள் எங்கள் ஆறு பேரையும் அடிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. காட்டாவிட்டால் நாளைக்கு எல்லோரும் உன்னைத்தான் ஏமாளி என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னது செய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

நுஹாத்

---

அய்ன் தூத்
19 மே 1998

நுஹாத்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், பிறகு அடுப்பில் போட்டேன். மத்தேக்குத் தண்ணீர் நன்றாகக் கொதித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு கிளம்பினால், "சீட்டு கீட்டு எதுவும் நான் பாக்கல" என்கிறேன். அது பொய்யில்லை, நான் பார்க்கவில்லைதானே. பொய் சொல்லியிருந்தாயானால் உனக்காக இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

பெரியப்பாவிடம் பேசி முடித்துவிட்டேன். எங்கள் குடும்பப் பெட்டியில் உன் பெயர்மேல் ஒரு கோடும் விழாது, உங்கள் மற்ற ஐந்து பேர்மேலும் விழாது. அபூ ஃபாயிஸ் சொன்னால் சொன்னதுதான், அது உனக்கும் தெரியும். எப்படிச் சம்மதித்தார் என்று கேட்காதே. மருந்துக் கடைக்காரன், எந்த வலிக்கு எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிறன்று சீக்கிரம் வா. குதிகால் செருப்பு போடாதே, மலைப் பாதை. ராமியின் அம்மா உனக்கென்று கிஷ்க் மாவு எடுத்து வைத்திருக்கிறாள்.

ஷகீப்

---

அய்ன் தூத்
29 மே 1998

ஷகீப்,

மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? முதல்முறையாக என் கடிதம் இங்கிருந்து கிளம்புகிறது. நீ கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்கு ஆலேய்க்கு ஓடிவிட்டதால், ஃபந்தி இதை எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டியிருக்கிறது. ஹாரனை விடாமல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் எங்கள் பக்கம். பஸ் கிளம்பும் முன் நான் படியில் நின்று, மில்ஹிமின் சீட்டில் என் பெயர் முதலில் இருப்பதைக் காட்டி, அதைக் கிழித்தேன். "அவங்கள அடிக்கணும்னு நெனைக்கறவங்க மொதல்ல என்னை அடிங்க. அவங்க இல்லாத மன்றத்துல நான் உக்கார மாட்டேன்" என்றேன். கல்லறைக் கிழவர்தான் முதலில் தன் சீட்டைக் கிழித்தார். எல்லோரும் கிழித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கு முப்பது பேர் எங்கள் பெட்டியில் உங்கள் பெயர்களை அடித்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீதி எழுபது சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் பெட்டிகளில் உங்கள் ஆறு பேரில் நீதான் முதல்.

இனி உன் பக்கம். பட்டியலின் முகவராக எந்த அறையில் உட்காருகிறாய் என்று கேட்டார்கள். அபூ ஹம்தான் ஆண்கள் பெட்டி என்றேன். உன் பெரியப்பா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். நுஹாத் அஸ்ஸி. எங்கள் மற்ற ஐந்து பேர். உங்கள் ஐந்து பேர். பன்னிரண்டாவதாக உன் பெயர் வரவில்லை. அதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் ஃபாயிஸ் என்று எழுதியிருந்தது. அடுத்த சீட்டும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தேன். ஒன்றாவது வரும், ஷகீப் தன் ஓட்டைத் தனக்குத்தானே போட்டிருப்பான் என்று. பெட்டி காலியாயிற்று. அதில் உனக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. உன் ஓட்டும் இல்லை.

பெண்கள் பெட்டியில் ராமியின் அம்மாவும் அவள் தங்கைகளும் உனக்குப் போட்டிருக்கிறார்கள். உன் வீட்டில் உன் பேச்சு எடுபடுவதில்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் அது போதவில்லை. ஃபாயிஸ் பன்னிரண்டாவது, நீ பதின்மூன்றாவது.

மறுநாள் காலையில் நான் நேரே அபூ ஃபாயிஸ் வீட்டுக்குப் போனேன். கதவைக் கேட்கத்தான் போனேன், சண்டையும் போடலாம் என்று. அவர் மத்தே ஊற்றி முதல் குழலை என் பக்கம் நீட்டினார். நானாக எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"மாளிகைக்கு நான் என்ன பதில் சொல்றது, ஒரு பேரையாவது அடிச்சே ஆகணும்னு சொன்னேன். என் பேரை அடிங்க, பெரியப்பா, ஃபாயிஸை எழுதிக்குங்க, அவ பேரைத் தொடாதீங்கன்னான். நம்ப மாட்டேன்னேன். என் பேனாவையே வாங்கி, மொத சீட்டுல அவனே கோடு போட்டுக் காட்டினான். அம்மா, நான் கிழவன். இப்படி ஒருத்தனை நான் பாத்ததில்ல. மடையன்."

நான் அங்கேயே அழுதேன், உன் பெரியப்பா முன்னால், அந்தக் கசப்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு. எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. எந்த வலிக்கு எந்த மாத்திரை என்று எழுதினாயே, உன் பெயரைத்தான் பொடி செய்து கொடுத்திருக்கிறாய். எங்கள் ஆட்கள் உன்னை அடிக்கப் போகிறார்கள் என்று என் கையெழுத்தில் படித்த பிறகு இதைச் செய்திருக்கிறாய். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்றால், இந்தக் கடிதம் மூன்றாவது தாளில் போகிறது.

நான் ராஜினாமா செய்வேன் என்று நினைத்து ஓடியிருந்தால், திரும்பி வா. செய்ய மாட்டேன். உன் பெயரைக் கொடுத்து வாங்கிய நாற்காலி, அதில் ஆறு வருஷமும் அசையாமல் உட்காருவேன். நேற்று முதல் கூட்டம் நடந்தது. ஊற்றிலிருந்து எங்கள் தெருவுக்குக் குழாய் போடக் குடிநீர்க் குழு அமைத்தோம். குழுவில் வெளியாரையும் சேர்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. உன் பெயரை நான் சொன்னேன். ஃபாயிஸ் வழிமொழிந்தான், காது மடல் சிவக்க. பதினொரு கை உயர்ந்தது. பன்னிரண்டாவது கை என்னுடையது, அது முன்னமே மேலே இருந்தது. ஆகவே நீ மறுக்க முடியாது.

நிலம் விற்க இருந்த ஐந்து குடும்பங்களில் இரண்டு தேர்தல் வரைகூடப் பொறுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டன. மற்ற மூன்றும் தானியோஸை அனுப்பிவிட்டு, கூரைக்கு ஓடு என்ன விலை என்று என்னைக் கேட்கிறார்கள். மில்ஹிமும் கேட்டார். வேறு யாருக்கோ விசாரிப்பது போலக் கேட்டார்.

என் வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. சுவரில் செடி முளைத்திருக்கிறது. ஆனால் ஃபாயிஸ் காலையில் இரண்டு ஆட்களோடு வந்து நீலக் கதவை மாட்டிவிட்டுப் போனான். கீழே ஆடு கடித்த அடையாளம் இருக்கிறது. கீல் கிறீச்சிடுகிறது. எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேலே வானம் தெரிகிற வீட்டுக்குக் கதவெதற்கு என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீ வந்து தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டுமில்லையா? வந்து தட்டு.

நுஹாத்